தனுஷ்கோடியில் பூநாரைகளைப் படமெடுக்க: முழுமையான வழிகாட்டி

தனுஷ்கோடிக்கு முதல்முறை கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தவறுகிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள், பறவை தெரிகிற திசையில் நடக்கிறார்கள், கூட்டம் எழுந்த பிறகு அவற்றின் முதுகைப் படமெடுக்கிறார்கள், ஊர் திரும்பியதும் இன்னும் பெரிய லென்ஸ் வாங்க வேண்டும் என்கிறார்கள். குறை லென்ஸில் இருப்பது அரிது. நின்ற இடத்தில்தான் இருக்கும்.

பெரும் பூநாரை நாலு அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பறவை. திறந்த உப்புநீர்ப் பரப்பில் நிற்பதால் நீங்கள் அதைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அது உங்களைப் பார்த்துவிடும். ஒளிந்து நெருங்க அங்கே மறைவே கிடையாது. ஆகவே காற்று, வெயில், தூரம் மூன்றையும் முதலில் கணக்குப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும். கேமராவின் அமைப்புகள் அதற்கு அடுத்த வேலை. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்த மாதம், எந்த நேரம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகுதான் பூநாரைகள் எண்ணிக்கையில் கூடும். ஜனவரி முதல் மார்ச் வரை நம்பிப் போகலாம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் டிசம்பரில் காயலில் தண்ணீர் ஆழமாக நிற்கும். பறவைகள் ஓரங்களில் சிதறி நிற்கும். தண்ணீர் வடிந்து, முழங்கால் அளவுப் பரப்பு விரிந்தால்தான் ஒரே இடத்தில் கூட்டமாக மேயும்.

ஜனவரியில் சூரியன் ஏறத்தாழ 6.35-க்கு உதிக்கும். காலை 6.45 முதல் 9 மணி வரை உள்ள நேரம்தான் மொத்த நாளிலும் விலை உள்ளது. ஒன்பதுக்கு மேல் மணலும் ஈரச்சேறும் சூடாகி, கானல் எழத் தொடங்கும். நூறு மீட்டர் தூரக் காற்று நெளிந்தால் எந்த லென்ஸிலும் இறகு தெளியாது. அதைச் சரிசெய்ய எந்தப் பட்டனும் இல்லை. மாலை நாலரைக்கு மேல் மறுபடி எடுக்கலாம், ஆனால் மாலையில் ஒரு சிக்கல் உண்டு. அது நான்காம் படியில்.

2. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

2025 ஜூனில் தனுஷ்கோடியில் ஏறத்தாழ 525 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படமெடுக்க நுழைவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை. சாலை ஓரத்தில் நின்று எடுப்பதற்கும் சேற்றுப் பரப்பில் இறங்குவதற்கும் வேறுபாடு உண்டு என்பதால், எதுவரை நிற்கலாம் என்பதை முதல் நாளே வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் வாகனங்களை எத்தனை மணிக்கு விடுகிறார்கள், மாலையில் எப்போது வெளியேறச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாமல் விடியலில் வந்து தடுப்பின் முன் காத்துக்கிடப்பவர்கள் நிறையப் பேர்.

ட்ரோனைக் கொண்டுவராதீர்கள். எல்லையோரக் கடல் இது, கண்காணிப்பு கடுமை. அதையும் தாண்டி, தலைக்கு மேல் ட்ரோன் வந்தால் பருந்து வந்தது போலவே பறவைகள் மிரளும். ஒரு கூட்டம் முழுவதுமே இரை எடுப்பதை விட்டுப் பறந்துவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து பேருந்து உண்டு என்றாலும் விடியல் வெளிச்சத்துக்கு அதை நம்ப முடியாது. டூவீலர், அல்லது காத்திருக்கச் சம்மதிக்கிற ஆட்டோ வேண்டும். பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், தொப்பி, அகலமான துண்டு ஒன்று கட்டாயம்.

3. கையில் இருக்க வேண்டிய கருவிகள்

லென்ஸ் எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பறவைக்கும் உங்களுக்கும் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார் உள்ள) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் அங்கே 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள காட்சியைப் பிடிக்கும். நிமிர்ந்த பூநாரை அதில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வரும். 400 மி.மீ. லென்ஸை 1.5 மடங்கு க்ராப் (அதைவிடச் சிறிய) சென்சார் கேமராவில் போட்டாலும் இதே அளவுதான். 200 மி.மீ. என்றால் காட்சி 18 மீட்டர் அகலம். தனிப்பறவை எடுபடாது, ஆனால் தண்ணீரில் நீளும் வரிசைக்கு அருமையாக உதவும். மொபைலில் நிலப்பரப்பை மட்டும் எடுங்கள்.

பறவை சின்னதாக விழுகிறதே என்று முன்னால் போய் ஈடுகட்ட நினைக்காதீர்கள். 200 மி.மீ. மட்டும் இருந்தால் 200 மி.மீ. படம் எடுங்கள். வரிசையும் அதன் நிழலுருவும் சேர்ந்த படம் தனிப்பறவைப் படத்துக்குச் சளைத்ததல்ல.

மற்றவை: 8×42 பைனாகுலர், ஊதும் பம்ப், மைக்ரோஃபைபர் துணி நான்கு, சிறு பாட்டிலில் நல்ல தண்ணீர், கேமராவை மூடத் தடித்த பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும். முக்காலியைவிடத் தானியப் பை இங்கே நன்றாக உழைக்கும். தரையோடு தாழ்ந்து எடுக்கலாம், காற்றுக்கு ஆடாது. பழைய ஜீன்ஸ் கால் ஒன்றைத் தைத்து 2 கிலோ அரிசி நிரப்பினால் போதும். செலவு மிச்சம் என்று கடற்கரை மணலை நிரப்புகிறார்கள். அந்த மணல் தையல் வழியே கசிந்து, லென்ஸின் ஜூம் வளையத்துக்குள் போய்க் கரகரக்கும்.

ஏ.சி. அறையில் இரவெல்லாம் குளிர்ந்த கேமராவை நேராகக் கடற்காற்றில் எடுத்தால் கண்ணாடி வெளியிலும் உள்ளேயும் வியர்க்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன் ஏ.சி.யை நிறுத்துங்கள். மூடிய பையிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். வந்து அரை மணி கழித்துத் திறவுங்கள். வெளியில் படிந்ததைத் துடைக்கலாம், உள்ளே படிந்தது தானாகக் காய முக்கால் மணி ஆகும். அதற்குள் நல்ல வெளிச்சம் போய்விடும்.

4. காற்றையும் வெயிலையும் வைத்து நிற்கும் இடம் குறித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

பூநாரை ஓய்வாக நிற்கும்போது காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். இல்லையென்றால் இறகு கலையும். எழும்போதும் காற்றுக்கு எதிராகவே தண்ணீரில் சில மீட்டர் ஓடி எழும். காற்று தெரிந்தால் பறவையின் முகம் எந்தப் பக்கம், அது பறக்கப்போவது எந்தப் பக்கம் என்ற இரண்டும் தெரிந்துவிடும்.

ஜனவரி, பிப்ரவரியில் இங்கே வீசுவது வாடை. வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காயல் சாலைக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கிடக்கிறது. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தென்வானத்திலேயே போவதால், சாலையில் நின்று வடக்கே பார்க்கிறவருக்கு வெயில் எப்போதும் முதுகுப் பக்கம். வெளிச்சம் நன்றாக விழும், அதனால் எல்லாரும் சாலையில் நேரெதிரே நிற்கிறார்கள். அங்கிருந்து கிடைப்பதோ வாலும் பின்காலும்தான், ஏனென்றால் வாடைக்கு முகம் காட்டும் பறவை உங்களுக்கு முதுகு காட்டும்.

செய்ய வேண்டியது இது. கூட்டத்தைக் கண்டதும் நிறுத்தாமல், அதைத் தாண்டி, சாலை முடிகிற அரிச்சல்முனைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், திரும்பி வடமேற்கே பாருங்கள். இப்போது நீங்கள் கூட்டத்துக்குத் தென்கிழக்கில் இருக்கிறீர்கள். காலைச் சூரியன் உங்கள் முதுகில், காற்று உங்கள் வலது கன்னத்தில். பறவைகள் வலப்பக்கம் முகம் திருப்பி, பக்கவாட்டில் முழு உருவம் காட்டும். எழுந்தாலும் இடமிருந்து வலமாக உங்கள் முன்னால் ஓடி எழும்.

மாலையில் வெயில் தென்மேற்குக்குப் போய்விடுகிறது. வெளிச்சம் நேராக விழும் இடத்துக்குப் போனால் பறவையின் முதுகு கிடைக்கும். முகம் கிடைக்கும் இடத்தில் வெயில் பக்கவாட்டில் விழும். இரண்டில் முகம் கிடைக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். பக்க வெயிலில் கழுத்து வளைவுக்கு நல்ல கனம் கிடைக்கும்.

மார்ச் பாதிக்குப் பிறகு வாடை விட்டுத் தெற்கிலிருந்து காற்று திரும்பும். அப்போது கணக்கு தலைகீழ்: சாலையில் நேரெதிரே நிற்பவரை நோக்கியே பறவை நிற்கும், எழும்போதும் அவரை நோக்கியே ஓடி வரும். இறக்கையின் செஞ்சிவப்பும் கறுப்பும் விரிய முகத்துக்கு நேரே வரும் படம் வேண்டுமென்றால் அந்த நாட்கள்தான்.

கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் கிளைச்சாலையில் இரு புறமும் தண்ணீர். காலையில் அங்கே நின்று மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

5. வண்டியை நிறுத்துவது

சாலைக்கு வெளியே மணல் பொலபொலப்பானது. காரின் சக்கரம் பாதி இறங்கினாலே புதைந்துவிடும். ஏற்கெனவே டயர் தடம் அழுந்திய இடத்தில் மட்டும் இறக்குங்கள். டூவீலரின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல் ஒன்றை வையுங்கள். இராவணன் மீசைப் புல் படர்ந்த மணல்மேட்டின் மேல் ஏற்ற வேண்டாம். அந்த முள்புல் பிடித்து வைத்திருப்பதால்தான் மேடு நிற்கிறது.

காருக்குள்ளிருந்தே எடுக்க முடிந்தால் மிகவும் நல்லது. நின்ற வாகனத்துக்குப் பறவை பழகிவிடும், நடக்கிற ஆளுக்குப் பழகாது. ஆனால் ஏ.சி.யை அணைத்து, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கி, பத்து நிமிடம் விடுங்கள். குளிர்காற்றும் சூடான காற்றும் ஜன்னலில் கலக்கும் இடத்தில் லென்ஸை நீட்டினால் கானல் அடித்தது போலவே படம் மங்கும். எஞ்சினும் அணைந்திருக்க வேண்டும், அதிர்வு கைக்கு வரும்.

6. கேமராவை எடுக்கும் முன் இருபது நிமிடம்

பைனாகுலரில் பாருங்கள். முதலில் அது பூநாரைதானா என்று உறுதி செய்யுங்கள்; தொலைவில் பெரிய கொக்குக் கூட்டமும் வெண்மையாகவே தெரியும். கொக்கு தனித்தனியாக நின்று குத்தி இரை எடுக்கும். பூநாரை நெருங்கி நின்று, தலையைக் கவிழ்த்து அலகை நீருக்குள் இழுத்தபடி நடக்கும்.

அப்புறம் நடமாட்டத்தைக் கவனியுங்கள். மேயும் கூட்டம் ஒரே பக்கமாக மெல்ல நகரும். பத்து நிமிடத்தில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தால் அரை மணி கழித்து எங்கே இருக்கும் என்பது கணக்கில் வந்துவிடும். அந்த இடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். கூட்டத்தைத் துரத்தினால் தூரம் கூடும். முன்பே உட்கார்ந்தவரை நோக்கிச் சில நாட்களில் அதுவாகவே நெருங்கி வரும்.

கரைவலை இழுப்பவர்கள் அங்கே விடியலுக்கு முன்பே இருப்பார்கள். "அண்ணே, பூநாரை இன்னைக்கு எந்தப் பக்கம் இறங்கியிருக்கு?" என்று கேட்டுவிட்டால் ஒரு மணி நேர அலைச்சல் மிச்சம். வேலையில் இருப்பவர்களைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

7. தூரம்: எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது

100 மீட்டருக்குள் போகாதீர்கள். ஆட்களால் அடிக்கடி கலைந்த கூட்டத்துக்கு அதுவும் போதாது. மீட்டரைவிடப் பறவையின் கழுத்தே சரியான அளவுகோல்.

மேய்ச்சல் தொடர்ந்தால் எல்லாம் நலம். இரண்டொரு தலை நிமிர்ந்து மறுபடி கவிழ்ந்தாலும் பரவாயில்லை. பாதிக்கு மேல் கழுத்துகள் ஒன்றாக நிமிர்ந்தால் அசையாமல் நில்லுங்கள். அடுத்து பறவைகள் நெருக்கியடித்துக்கொண்டு, உங்களுக்கு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கும். உடனே பின்வாங்க வேண்டிய கட்டம் அது. வாத்து போன்ற கரகரப்புக் குரல் கூடினால் இன்னும் சில நொடிகளில் எழுந்துவிடும்.

பறக்கும் படத்துக்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் இங்கே நடக்கிறது. கோபப்பட வேண்டிய காரியம் அது. வலசைக் காலத்தில் பறவை சேர்க்கும் கொழுப்புதான் அதன் திரும்பும் பயணத்துக்கும் குஞ்சு பொரிக்கவும் முதல். ஒவ்வொரு முறை கலைத்து எழுப்பும்போதும் அந்த முதலிலிருந்துதான் செலவாகிறது. படமாகவும் அது தேறாது. மிரண்டு எழும் கூட்டம் குழம்பி, ஒன்றையொன்று மறைத்து, உங்களுக்குப் புறங்காட்டிப் போகும். தானாக எழும் கூட்டம் வரிசையாக, காற்றுக்கு முகம் காட்டி எழும். எழுமுன் கழுத்தை முன்னே நீட்டி நான்கைந்து அடி நடக்கும். அதைக் கண்டதும் விரலை ஷட்டரில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றில் இறங்காதீர்கள். மேலே உப்புப் படிந்து கெட்டியாகத் தெரியும் இடத்தில் முழங்கால் வரை புதையும். மாலையில் கடல் பக்கம் போனாலும், ஜனவரி முதல் மார்ச் வரை ஆமை முட்டையிட ஏறும் காலம். டார்ச், ஃப்ளாஷ் வேண்டாம்.

8. கேமரா அமைப்புகள்

மேனுவல் மோடு, அதாவது ஷட்டர் வேகம், லென்ஸ் துவாரம் (எஃப் எண்), ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) மூன்றையும் நீங்களே வைப்பது. காரணம் எளிது: வெளுத்த பறவை கருநீலத் தண்ணீருக்கு எதிரே நின்றால் கேமரா மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிவிடும், பளபளக்கும் தண்ணீருக்கு எதிரே நின்றால் குறைத்துவிடும். பறவையின் மேல் விழும் வெயிலோ மாறவில்லை.

காலை ஏழரை மணி வெயிலுக்கு 1/2000 நொடி, எஃப்/8, ஐஎஸ்ஓ 400 முதல் 800 வரை வைத்து ஒரு படம் எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில்) மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். விடியல் வெயிலில் இளஞ்சிவப்பு இறகுக்குச் சிவப்பு மட்டும் முதலில் வலது ஓரத்தில் முட்டும்; பொது வரைபடத்தில் அது தெரியாது. முட்டினால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். முட்டிய இடத்தில் இறகின் விவரம் திரும்ப வராது. வெயில் ஏறும்போது கால் மணிக்கு ஒருமுறை இதைச் சரிபாருங்கள்.

மேயும் பறவைக்கு 1/800 போதும். எழுவதற்கு 1/2500 வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை நுனி கரைந்துவிடும். ஆனால் தனுஷ்கோடிக் காற்றில் லென்ஸ் ஹூட் (முனையில் மாட்டும் வெயில் மறைப்பு) படகுப் பாயைப் போலக் காற்றைப் பிடித்து ஆடுவதால், 600 மி.மீ. லென்ஸில் பறவை அசையாமல் நின்றாலும் 1/1000-க்குக் கீழே போகாதீர்கள்.

எஃப்/8 ஏன்? 100 மீட்டரில் 600 மி.மீ. லென்ஸ் எஃப்/8-இல் முன்னும் பின்னுமாக மொத்தம் சுமார் 13 மீட்டருக்குத் தெளிவு தரும். இரண்டு மூன்று வரிசைப் பறவைகளுக்கு அது பொருந்தும்.

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமனை) டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோ விடியல் பொன்னிறத்தைக் கழுவிவிடும். ரா (கேமரா திருத்தாத மூல) கோப்பாகவே எடுங்கள். ஃபோகஸுக்கு ஒற்றைப் புள்ளி. முன்வரிசைப் பறவையின் கண்ணில் வையுங்கள். தலை நீருக்குள் இருந்தால் கழுத்து உடலோடு சேரும் இடத்தில். நீரில் தெரியும் பிம்பத்தில் புள்ளி விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அமைதியான தண்ணீரில் கேமரா அதைப் பறவை என்றே நம்பும்.

9. படம் அமைப்பது

உட்காருங்கள். நின்று எடுத்தால் பின்னணி முழுக்கத் தண்ணீர். சாலைச் சரிவில் அமர்ந்து லென்ஸைத் தாழ்த்தினால் பின்னணி தொலைவுக்குப் போய், மங்கிய பச்சையாக விழும். கால் நுனியும் பிம்பமும் வெட்டுப்படாமல் கீழே இடம் விடுங்கள்.

பனிக்காலக் கடைசியில் கூட்டத்தில் ஆட்டம் தொடங்கும். கழுத்தை உயர்த்தித் தலையை இருபுறமும் வெடுக்கென்று திருப்பும், நின்ற இடத்திலேயே இறக்கையைச் சில நொடி விரித்து மடக்கும், பிறகு நெருக்கமாகச் சேர்ந்து நடைபோடும். ஒரு பறவை இறக்கை விரித்தால் பக்கத்துப் பறவையும் விரிக்கும் என்பதால், முதல் பறவையைத் தவறவிட்டால் பதறாமல் அடுத்ததில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பறக்காமலேயே இறக்கையின் செந்நிறம் கிடைக்கும் நேரம் இதுதான். சாம்பல் பழுப்பாக நிற்பவை இளம் பறவைகள். ஒதுக்காமல் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், வயது வித்தியாசம் படத்துக்குச் செய்தி.

பறக்கும் பறவைக்குக் கை பழக வேண்டுமென்றால் முதல் நாள் மாலை பாம்பன், மண்டபம் பக்கம் மீன் இறங்கும் இடங்களில் செம்பருந்தையும் கடற்காகத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு அஞ்சாமல் தலைக்கு மேலேயே சுற்றும், எத்தனை தடவை தவறினாலும் திரும்ப வரும்.

10. தவறிய படத்தில் காரணம் கண்டுபிடிப்பது

பறவை முழுவதும் ஒரே அளவில் மங்கல், ஓரங்கள் நெளிகின்றன: கானல். சீக்கிரம் வாருங்கள், அல்லது தூரம் குறைவாக இருக்கும் வேறு இடம் தேடுங்கள்.

மங்கல் ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது: காற்றில் லென்ஸ் ஆடியது. பையில் சாய்த்து, ஷட்டரைக் கூட்டுங்கள்.

பறவை மங்கல், முன்னாலுள்ள நீரலை தெளிவு: ஃபோகஸ் புள்ளி பெரிதாக இருந்திருக்கிறது.

முதுகு வெள்ளைப் பட்டையாகிவிட்டது: வெயில் ஏறிய பிறகு அமைப்பை மாற்றவில்லை.

எல்லாப் படத்திலும் வால்: நான்காம் படியைத் திரும்பப் படியுங்கள்.

11. அறைக்குத் திரும்பியதும்

கேமராவை முதலில் துடைக்காதீர்கள். பம்பால் ஊதி மணலை வெளியேற்றுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலையும் லென்ஸ் வெளிப்புறத்தையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உலர்ந்த துணி மட்டும் போதாது. முக்காலி கொண்டுபோயிருந்தால் கால்களை முழுதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே காயவிடுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றுவதையும் தவிருங்கள்.

கணினியில் இளஞ்சிவப்பைக் கூட்டும் ஆசை வரும். இங்கே வரும் பறவைகள் நின்ற நிலையில் பெரும்பாலும் வெள்ளைதான், மேலே மெல்லிய ரோஜாச் சாயல். அடர்ந்த சிவப்பு இறக்கை விரியும்போது மட்டுமே தெரியும். நின்ற பறவையின் உடம்பெல்லாம் சிவப்பாக இருந்தால் நிறத்தைக் கூட்டியிருக்கிறீர்கள், குறையுங்கள். படத்தை வெளியிடும்போது அன்றைக்கே இடக்குறியோடு போடாமல், கூட்டம் வேறு பக்கம் நகர்ந்த பிறகு போடுங்கள், கோப்பில் ஜி.பி.எஸ். பதிவு இருந்தால் நீக்கிவிடுங்கள்.